48 மணி நேரத்தில் ஒரு மடை

எனக்கு ஊர் நீடாமங்கலம். இங்கே மூணாறு தலைப்பில்தான் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. நண்பர்கள் நடத்திய 48 மணி நேர கேம் ஜாமில் (கொடுத்த தலைப்பில், அந்த நேரத்துக்குள் ஒரு கேம் செய்து முடிக்கும் போட்டி) வெள்ளி இரவு எட்டு மணிக்கு 'பங்கு' என்று தலைப்பு கொடுத்தபோது எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஒரு வாய்க்கால், பல வயல், கடைமடை காயக்கூடாது. அவ்வளவுதான் கேம்.

நீங்களும் இப்படி இறங்கினால், முதலில் லேப்டாப்பைத் திறக்காதீர்கள். திண்ணையில் சாக்பீஸால் எட்டுக்கு ஆறு கட்டம் போட்டேன். புளியங்கொட்டைதான் தண்ணீர். சுற்றுக்கு ஆறு கொட்டை உள்ளே வரும். ஒரு மடையைத் திறக்கலாம், அல்லது அடைக்கலாம். அப்பாவை ஆடச் சொன்னேன். மூன்றாவது சுற்றிலேயே, "ஏண்டா, மேட்டு வயலுக்குத் தண்ணி தானா ஏறுமா?" என்றார். கட்டத்துக்குக் கட்டம் தரை உயரம் வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதிய பிறகு இது தெரிந்திருந்தால் பாதி ராத்திரி போயிருக்கும்.

அப்புறம் வெட்டு. ஆடுகிறவர் செய்யும் வேலை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். என் கேமில் மடையைத் தொட்டால் திறக்கும், மறுபடி தொட்டால் மூடும். எலி, களை, உர விலை எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். சனி காலையில் அடித்துவிட்டேன். மழையை அடிக்கத்தான் மனசு வரவில்லை. அதையும் அடித்தேன்.

எஞ்சின், அதாவது கேம் உருவாக்கும் மென்பொருள், ஏற்கெனவே பழகியதாக இருக்க வேண்டும். எனக்கு கோடோ. இலவசம், என் பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது.

தண்ணீர் பாய்வதற்கு இயற்பியல் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு எண்கள்: தரை உயரம், தண்ணீர் அளவு. இரண்டையும் கூட்டினால் நீர்மட்டம். நொடிக்கு ஐந்து முறை, மடை திறந்திருக்கும் பக்கத்துக் கட்டத்தோடு ஒப்பிட்டு, நம் மட்டம் உயர்ந்திருந்தால் வித்தியாசத்தில் கால் பங்கைத் தள்ளிவிட வேண்டும். கையிருப்புக்கு மேல் கொடுக்கக் கூடாது.

இதில் ஒரு வினோதம். தண்ணீர் வலப்பக்கம் மட்டும் ஒரே தாவலில் கடைசிவரை ஓடியது, இடப்பக்கம் மெல்ல ஊர்ந்தது. காவிரி கிழக்கேதானே போகும் என்று ஒரு மணி நேரம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் தவறு லூப்பில், அதாவது கட்டங்களை வரிசையாகச் சுற்றிவரும் புரோகிராம் பகுதியில். இடமிருந்து வலமாக ஒவ்வொரு கட்டமாகத் திருத்திக்கொண்டே போனால், இப்போது வந்த தண்ணீரே அதே சுற்றில் அடுத்த கட்டத்துக்கும் போய்விடும். பழைய அளவுகளை ஒரு நகலில் வைத்துக்கொண்டு, படிப்பதை அதிலிருந்தும் எழுதுவதை வேறொன்றிலும் செய்யுங்கள். சும்மா சமக்குறி போட்டால் கோடோவில் அர்ரே (எண்களின் வரிசை) நகலாகாது, இரண்டு பெயரும் ஒன்றையே சுட்டும். டூப்ளிகேட் என்ற கட்டளை போட வேண்டும்.

படத்துக்கு நிறக் கட்டங்கள் போதும்: காய்ந்தால் பழுப்பு, நனைந்தால் பச்சை, மூழ்கினால் நீலம். ஒலிக்கு எஸ்எஃப்எக்ஸ்ஆர். அதுவே 2007இல் இப்படியொரு 48 மணி நேரப் போட்டிக்காக எழுதப்பட்ட கருவிதான். பட்டனை அழுத்த அழுத்தப் புதுச் சத்தம் வரும். ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள், அடிமையாகிவிடுவீர்கள்.

சனி இரவு படுக்கும்போது கேமை முதலிலிருந்து கடைசிவரை ஆட முடிய வேண்டும், அசிங்கமாக இருந்தாலும் சரி. ஏதாவது ஒன்று வேலை செய்தால் உடனே கிட்டில் (புரோகிராமின் ஒவ்வொரு நிலையையும் சேமித்து வைக்கும் கருவி) சேமியுங்கள். எங்கள் ஊரில் கரண்ட் சொல்லிவிட்டுப் போவதில்லை.

ஞாயிறு மதியத்துக்குப் பிறகு புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். பிரவுசரில் ஓட வைக்கவே நேரம் பிடிக்கும். அதற்கான எக்ஸ்போர்ட் கோப்புகள் பெரியவை, வெள்ளிக்கிழமையே இறக்கி வைத்துவிடுங்கள். போட்டிக்கு ஏற்றும் ஜிப்புக்குள் இண்டெக்ஸ் கோப்பு ஃபோல்டருக்குள் ஒளியாமல் மேலேயே இருக்க வேண்டும். ஒரு தடவை தொடும்வரை பிரவுசர் சத்தம் தராது. அதனால் 'தொடங்கு' என்று ஒரு பட்டன் வையுங்கள்.

கடைசியாகப் போனில் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். அவர் விரலுக்கு ஒரே நேரத்தில் இரண்டு மடை திறந்தது. மடையின் அளவை இரட்டிப்பாக்கி, ஏழரை மணிக்கு ஏற்றினேன்.