வீட்டு மியூசிக் சர்வர்: பாட்டு கேட்கிறது என்பதற்காக நம்பிவிடாதீர்கள்

ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கம்ப்யூட்டர் ஒன்று, டிஜிட்டல் எண்களை ஒலிச் சமிக்ஞையாக்கும் யூஎஸ்பி டிஏசி ஒன்று, பாட்டு நிரம்பிய ஒரு ஹார்ட் டிஸ்க். இந்த மூன்றையும் சேர்த்து ஆம்ப்ளிஃபயரில் மாட்டுவது இன்றைக்கு ஒரு சாயங்கால வேலைதான். வேலை சுலபமாகிவிட்டதாலோ என்னவோ, புதிதாக இறங்குகிறவர்கள் எல்லோரும் அதே நாலைந்து குழிகளில் வரிசையாக விழுகிறார்கள். இமேஜை வேறு டிரைவில் எழுதிவிடுவது, பாஸ்வேர்டை மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுவோம். அவை உடனே தெரிந்துவிடும், திருத்தியும் விடலாம். வருஷக்கணக்கில் வெளியே தெரியாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கும் தவறுகள்தான் இங்கே பேச்சு.

டீஃபால்ட் அவுட்புட்டை அப்படியே விடுவது

இதைப் பார்க்கும்போது இன்றும் எரிச்சல் வருகிறது. திருத்த ஐந்து நிமிஷம்கூட ஆகாது, ஆனால் இதற்காக ஜனங்கள் செலவழிக்கும் காசு கொஞ்சநஞ்சமல்ல.

லினக்ஸில் ஒலி டிஏசிக்குப் போக இரண்டு வழி உண்டு. பிளேயர் நேராக டிரைவரிடமே டேட்டாவைக் கொடுப்பது ஒன்று. நடுவில் இருக்கும் மிக்ஸரிடம் கொடுத்து, அது டிரைவரிடம் கொடுப்பது மற்றொன்று. பல புரோகிராம்கள் ஒரே நேரத்தில் எழுப்பும் சத்தத்தைக் கலந்து ஒன்றாக்குவதுதான் மிக்ஸரின் வேலை. கலக்க வேண்டுமானால் எல்லாம் ஒரே சாம்பிள் ரேட்டில், அதாவது நொடிக்கு இத்தனை சாம்பிள் என்ற ஒரே கணக்கில், இருந்தாக வேண்டும். லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பான ஆல்சாவில் உள்ள டிமிக்ஸ் என்ற மிக்ஸர் வழக்கமாக எடுத்துக்கொள்வது 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். டெஸ்க்டாப்போடு வரும் பைப்வயர் என்ற மிக்ஸரும், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், 48-லேயே நிற்கும்.

ஆனால் சிடியில் இருந்து எடுத்த ஃபைல் 44.1 கிலோஹெர்ட்ஸ். அதை 48 ஆக்க, ஒவ்வொரு 147 சாம்பிளுக்கும் 160 சாம்பிளைக் கணக்குப் போட்டு உருவாக்க வேண்டும். சிடியில் இருந்த எண்கள் டிஏசிக்குப் போய்ச் சேர்வதில்லை. அவற்றை வைத்துக் கணித்த வேறு எண்கள்தான் போகின்றன. ரீசாம்ப்ளர் நல்லதாக இருந்தால் காதுக்கு வித்தியாசம் தெரியாமலே போகலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆல்சாவுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை கன்வெர்ட்டர் வெறும் லீனியர் இன்டர்போலேஷன்தான். சிம்பல், வயலின் போன்ற மேல் ஸ்தாயி ஒலிகளில் அந்தக் கேடு எட்டிப் பார்க்கும். 96 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் ஃபைல் வைத்திருப்பவர் நிலைமை இன்னும் மோசம். டிமிக்ஸ் வழியே போனால் அவர் கேட்பது 48-க்கும் 16-க்கும் வெட்டப்பட்டதை.

இதில் யாரும் வேண்டுமென்று போய் மாட்டிக்கொள்வதில்லை. டெஸ்க்டாப்போடு கூடிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போடுகிறார்கள். அதன் மேல் எம்பிடி என்ற மியூசிக் பிளேயரை நிறுவி, அதன் அமைப்பு ஃபைலில் டிஏசியை நேரடி முகவரியில் (மிக்ஸரைத் தொடாத 'ஹெச்டபிள்யூ' முகவரி) காட்டுகிறார்கள். 'டிவைஸ் பிஸி' என்று எரர் வருகிறது, ஏனென்றால் பைப்வயர் ஏற்கெனவே அந்த டிஏசியைப் பிடித்து வைத்திருக்கிறது. தேடிப் பார்த்தால் யாரோ ஒருவர் 'டீஃபால்ட் என்று மாற்றுங்கள், சரியாகிவிடும்' என்று எழுதியிருக்கிறார். மாற்றினால் பாட்டு வந்துவிடுகிறது, அத்தோடு அந்த ஃபைலை யாரும் திறப்பதில்லை. சில வாரம் கழித்து 'என்னமோ உயிரே இல்லையே' என்று தோன்றுகிறது. முதலில் லீனியர் பவர் சப்ளை வாங்குகிறார். பிறகு விரல் தடிமனில் ஒரு யூஎஸ்பி கேபிள். கடைசியில் டிஏசியையே மாற்றுகிறார். காசு போகிறது, 48 அப்படியே இருக்கிறது.

வேறொரு வழியாகவும் இங்கேயே வந்து சேர்கிறார்கள். பல யூஎஸ்பி டிஏசிகள் 32 பிட் ஃபார்மட்டை மட்டுமே ஏற்கும். ஒலி ஃபைலை ஓடவிடும் ஏபிளே கட்டளையால் 16 பிட் ஃபைலை நேரடி முகவரிக்கு அனுப்பிச் சோதித்தால், 'இந்த ஃபார்மட் இல்லை' என்று மறுத்துவிடும். டிஏசி பழுது என்று பயந்து, எதையும் எதுவாகவும் மாற்றிக்கொடுக்கும் பிளக்-ஹெச்டபிள்யூ முகவரிக்குத் தாவுகிறார்கள். தேவையே இல்லை. எம்பிடி தானாகவே 16 பிட்டை 32 பிட் பெட்டிக்குள் வைத்து அனுப்பும். மீதி இடத்தில் பூஜ்யம்தான் நிரம்பும், ஒலியில் ஒன்றும் மாறாது. சாம்பிள் ரேட்டை மாற்றுவதும் பிட் அகலத்தைக் கூட்டுவதும் ஒன்றல்ல.

சோதிக்கும் முறை: ஒரு 44.1 ஃபைலை ஓடவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ராக் டைரக்டரிக்குள் ஏசவுண்ட், அதற்குள் உங்கள் கார்டு, அதற்குள் பிசிஎம்0பி, சப்0 என்று இறங்கி ஹெச்டபிள்யூ-பாராம்ஸ் என்ற ஃபைலைப் படியுங்கள். ஏழெட்டு வரிதான் இருக்கும். 'ரேட்' என்ற வரியில் 44100 இருந்தால் ரேட் மாறவில்லை. 48000 இருந்தால் நடுவில் யாரோ கைவைக்கிறார்கள். 'குளோஸ்டு' என்று ஒரே ஒரு சொல் வந்தால் அந்த டிஏசிக்கு எதுவுமே போகவில்லை. சத்தம் வேறு கார்டு வழியே போகிறது அல்லது பாட்டு நின்றிருக்கிறது. அடுத்து ஒரு 96 ஃபைல், அதன்பின் ஒரு 192 ஃபைல் என்று ஓடவிட்டு, அந்த வரியும் கூடவே மாறுகிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு ரேட்டை மட்டும் சோதிப்பது சோதனையே அல்ல. 48 கிலோஹெர்ட்ஸ் ஃபைலைப் போட்டுப் பார்த்து 'எல்லாம் சரி' என்று எழுந்து போனவர்களும் உண்டு.

திருத்தும் முறை: மியூசிக் சர்வருக்கு டெஸ்க்டாப் வேண்டாம். லைட் பதிப்பைப் போடுங்கள். அல்லது இதற்கென்றே செய்யப்பட்ட மூட் ஆடியோ, வால்யூமியோ, பைகோர்பிளேயர் மூன்றில் ஒன்று. எம்பிடியைக் கையால் அமைக்கிறீர்கள் என்றால், டிவைஸ் வரியில் நேரடி ஹெச்டபிள்யூ முகவரியைக் கொடுத்து, ஆட்டோ-ரீசாம்பிள், ஆட்டோ-ஃபார்மட், ஆட்டோ-சேனல்ஸ் மூன்றையும் 'நோ' ஆக்குங்கள். அந்த முகவரியில் கார்டு எண்ணைப் போடாமல் கார்டின் பெயரைப் போடுங்கள். எண் ரீபூட்டுக்கு ரீபூட் மாறக்கூடியது. பை 4-இல் ஹெச்டிஎம்ஐ போர்ட் இரண்டும் தனித்தனி சவுண்ட் கார்டாகவே பதிவாகும். நேற்று 1 ஆக இருந்த டிஏசி இன்று 2 ஆகிவிடும். ஏபிளே கட்டளையில் பெரிய எல் போட்டால் பெயர்கள் வரிசையாக வரும். இவ்வளவுக்குப் பிறகும் 'பிஸி' என்றால், ஃப்யூசர் கட்டளையை டெவ் டைரக்டரியின் எஸ்என்டி மேல் ஓட்டுங்கள், டிஏசியைப் பிடித்திருப்பது எந்த புரோகிராம் என்று காட்டிக்கொடுக்கும்.

வால்யூமை எங்கே குறைக்கிறீர்கள்?

சாஃப்ட்வேரில் 6 டெசிபல் குறைத்தால் ஒரு பிட் கீழே தள்ளப்படும். இதைப் படித்துவிட்டுப் பதறுகிறவர்கள் அடுத்த வரியைப் படிப்பதில்லை: 16 பிட் பாட்டு 24 பிட் டிஏசிக்குப் போகும்போது, 48 டெசிபல் குறைக்கும்வரை எந்தப் பிட்டும் விழுவதில்லை, நடுவில் யாரும் 16-க்கு வெட்டாத வரை. ஆகவே இரவில் கொஞ்சம் குறைத்துக் கேட்பதில் பெரிய பாதகமில்லை. சாஃப்ட்வேரில் பாதாளத்துக்குக் குறைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகி வைப்பதுதான் தவறு. அப்போது ஆம்ப்ளிஃபயரின் சொந்த இரைச்சலையும் சேர்த்துத்தான் கேட்கிறீர்கள்.

டிஎஸ்டி (ஒரு பிட் ஒலி வடிவம்) ஃபைலை டிஓபி முறையில், அதாவது பிசிஎம் எனப்படும் வழக்கமான ஒலி டேட்டா போல வேஷம் கட்டி, அனுப்புகிறவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அங்கே ஒரு பிட் மாறினாலும் டிஏசி அதை சாதாரண பிசிஎம் என்று எடுத்துக்கொள்ளும், வருவது வெறும் இரைச்சல். பாட்டுகளின் சத்தத்தை ஒரே அளவாக்கும் ரீப்ளேகெயினும் இந்தக் கணக்கில் வால்யூம்தான்.

எம்பிடியில் மிக்ஸர்-டைப்பை 'நன்' ஆக்கினால் சாஃப்ட்வேர் வால்யூம் அடியோடு போய்விடும், சமிக்ஞை முழு அளவில் வெளியே வரும். மாற்றுவதற்கு முன் ஆம்ப்ளிஃபயரைக் குறைத்துவிடுங்கள். வால்யூம் திருகு இல்லாத பவர் ஆம்ப்ளிஃபயரில் நேரடியாக மாட்டியிருந்தால் 'நன்' பக்கமே போகாதீர்கள்.

பவர் சப்ளை

போன் சார்ஜரில் ஓட்டாதீர்கள். பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர், பை 5-க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர். பை 5-ஐ 3 ஆம்பியர் சப்ளையில் மாட்டினாலும் ஓடும். ஆனால் யூஎஸ்பி போர்ட்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர்தான் கொடுக்கும். அதில் ஒரு டிஏசியையும், சுழல ஆரம்பிக்கும்போது ஒரு ஆம்பியர்வரை இழுக்கும் இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க்கையும் மாட்டினால், டிஸ்க் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். குறை டிஸ்க்கில் இல்லை. டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கொடுங்கள், அல்லது பவர் உள்ள ஹப்பில் மாட்டுங்கள்.

விசிஜென்சிஎம்டி கட்டளையில் கெட்-த்ராட்டில்டு கேட்டுப் பாருங்கள். பூஜ்யம் வந்தால் நிம்மதி. 0x50000 வந்தால், இப்போது சரியாக இருந்தாலும் பூட் ஆனதிலிருந்து எப்போதோ ஒருமுறை மின்னழுத்தம் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்விட்ச்சை அப்படியே அணைக்கும் பழக்கமுள்ள வீடு என்றால் பைகோர்பிளேயர் பொருத்தம். அது முழுக்க ரேமில் ஓடுவதால் எஸ்டி கார்டு கெடாது.

பழைய பையில் யூஎஸ்பி டிஏசி

பை 3 வரைக்கும் ஈதர்நெட்டும் நான்கு யூஎஸ்பி போர்ட்டும் ஒரே யூஎஸ்பி 2.0 பாதையைத்தான் பங்கிட்டுக்கொண்டன. நெட்வொர்க்கில் இருந்து ஃபைல் வருவதும் டிஏசிக்கு ஒலி போவதும் அதே பாதையில். 192 கிலோஹெர்ட்ஸில் 'டப்' 'டப்' என்று வெட்டுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பழைய பைதான் கையில் இருக்கிறது என்றால், பையின் தலையில் உட்காரும், ஐ2எஸ் என்ற நேரடி ஒலி இணைப்பில் ஓடும் டிஏசி போர்டு வாங்குங்கள், அது யூஎஸ்பியைத் தொடுவதில்லை. 22.5792, 24.576 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு ஆசிலேட்டர்கள் போர்டிலேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முதலாவது 44.1 குடும்பத்துக்கு, இரண்டாவது 48 குடும்பத்துக்கு. இல்லாவிட்டால் கடிகாரத்தை பையே பின்னக் கணக்கில் பிரித்துக் கொடுக்கும், அதில் ஜிட்டர் (கடிகாரத் துடிப்பின் நேரத் தடுமாற்றம்) கூடும்.

3.5 மில்லிமீட்டர் ஜாக்

வேண்டாம்.

எம்பி3-ஐ ஃப்ளாக் ஆக்குவது

ஃப்ளாக் இழப்பில்லாத வடிவம்தான், ஆனாலும் இதில் டிஸ்க்தான் நிரம்பும்.

வைஃபையைத் திட்டுவது

192 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் ஸ்டீரியோவுக்கே நொடிக்கு 9.2 மெகாபிட்தான் வேண்டும். வேகம் போதாமல் நிற்பதில்லை. வைஃபை சிப் பவர்-சேவ் போட்டுத் தூங்கப் போவதால்தான் பெரும்பாலும் நிற்கிறது. அதை அணையுங்கள். முடிந்தால் கேபிளே போடுங்கள்.

டேக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

பாட்டு, பாடகர், ஆல்பம் பெயர்களை ஃபைலுக்குள் எழுதும் டேக் வேலைக்குப் பிறகு என்பது வராது. சிடியை ரிப் செய்யும்போதே (ஃபைலாக எடுக்கும்போதே), மற்றவர்கள் எடுத்த ரிப்களின் தகவல் தொகுப்பான அக்யூரேட்-ரிப்போடு ஒப்பிடும் மென்பொருளில் செய்யுங்கள்: விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, லினக்ஸில் விப்பர். பலர் பாடிய தொகுப்புக்கு 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' டேக்கில் எல்லாப் பாட்டுக்கும் ஒரே பெயரைக் கொடுக்காவிட்டால், 12 பாட்டுள்ள ஒரு ஆல்பம் 12 ஆல்பமாகச் சிதறி நிற்கும்.

தமிழில் டேக் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. 'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று, ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. சர்வருக்கு இரண்டு வேறு பாடகர்கள். ஒரே பெயர் பட்டியலில் இரண்டு முறை வருகிறதென்றால் டேக்கை அழித்துத் திரும்ப டைப் செய்து பயனில்லை, அதே கீபோர்டு அதையேதான் எழுதும். எல்லா டேக்கையும் ஒருமுறை, ஒரே குறியீடாகச் சேர்த்து வைக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

டிஸ்க் ஏறாதபோது ஓடும் ஸ்கேனும் பேக்கப்பும்

பூட் ஆகும்போதே டிஸ்க் தானாக ஏற, அதாவது மவுன்ட் ஆக, எஃப்ஸ்டாப் என்ற ஃபைலில் அதன் அடையாள எண்ணான யூயூஐடியைக் கொடுத்து, நோஃபெயில் என்ற ஆப்ஷனையும் சேர்க்கச் சொல்லி எல்லோரும் எழுதுகிறார்கள். சரிதான். நோஃபெயில் இருப்பதால் டிஸ்க் ஏறாவிட்டாலும் பை பூட் ஆகும், ஆனால் மவுன்ட் செய்யும் இடத்தில் காலி டைரக்டரிதான் நிற்கும். அப்போது பாட்டுகளைப் பட்டியலிடும் ஸ்கேன் ஓடினால் லைப்ரரி முழுக்கக் காலி. டிஸ்க்கை ஏற்றி மறுபடி ஸ்கேன் செய்தால் அது திரும்பிவிடும்.

பேக்கப் அப்படித் திரும்பாது. தினமும் இரவு ஓடும்படி, நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையை டிலீட் ஆப்ஷனோடு கிரானில் (நேரம் குறித்து வேலையை ஓட்டும் வசதி) போட்டு வைத்திருப்பார்கள். மூலம் காலியாக இருக்கிறது என்றால், நகலையும் காலியாக்குவதுதான் அதற்கு இட்ட கட்டளை. ஒரு எரர்கூட வராது. டிஸ்க்கின் கேபிள் தளர்ந்திருந்த ஒரே இரவில் மொத்த சேகரிப்பின் நகலும் போய்விடும். அசல் டிஸ்க்கில் இருக்கிறதே என்று ஆறுதல் சொல்லலாம், அந்த டிஸ்க் காணாமல் போனதற்குக் காரணம் அது சாகக் கிடப்பதாக இல்லாமல் இருந்தால்.

அதனால் ஸ்கிரிப்டில் ஆர்சிங்குக்கு முன்னால் மவுன்ட்பாயின்ட் கட்டளையால் டிஸ்க் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். மேக்ஸ்-டிலீட் ஆப்ஷனில் 50 போன்ற ஒரு எண்ணையும் கொடுத்து வையுங்கள், அதற்கு மேல் அழிக்காது. டிஸ்க் ஏறாத நிலையில் அந்தக் காலி டைரக்டரிக்கு சேட்டர் கட்டளையால் 'மாற்றமுடியாது' கொடி போட்டுவிட்டால், வேறு எந்த புரோகிராமும் தெரியாமல் எஸ்டி கார்டிலேயே பாட்டுகளை எழுதி நிரப்பவும் வழியிருக்காது.