டிஜிட்டல் தராசில் கொழுந்து நிறுக்கும்போது கவனிக்க வேண்டியவை

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் கொழுந்து இன்று டிஜிட்டல் தராசில்தான் நிறுக்கப்படுகிறது. அதன் திரையில் தோன்றும் எண்ணே முழுப்பெயரா (முழுநாள் சம்பளம்) அரைப்பெயரா (அரைநாள் சம்பளம்) என்பதையும், நாளுக்குரிய அளவுக்கு மேல் பறிக்கும் மேலதிகக் கிலோவுக்கான காசையும் முடிவு செய்வதால், அந்த எண் எப்படி வருகிறது என்பதைக் கொழுந்து பறிப்பவர்கள் அறிந்திருப்பது அவசியம்.

சாக்கை மாட்டுவதற்கு முன் திரையில் பூச்சியம் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால், அதைச் சரிசெய்த பிறகு நிறுக்குமாறு, வேலையை மேற்பார்வை செய்யும் கணக்கப்பிள்ளையிடம் கேளுங்கள். தராசின் உள்ளே இருக்கும் உலோகத் துண்டு பாரம் ஏறும்போது கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைய, அந்த வளைவு மின்சமிக்ஞையாகி எண்ணாக மாறுகிறது. ஆகவே வயர் இணைப்பில் ஈரம் புகுந்தாலும் பற்றரி இறங்கினாலும் எண் தடுமாறக்கூடும். தென்மேற்குப் பருவமழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரை மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தொங்கும் சாக்கு தரையிலோ எவருடைய கையிலோ படாமல், ஆட்டம் அடங்கிய பின் வரும் எண்ணையே பதியச் சொல்லுங்கள்.

தராசில் சந்தேகம் இருந்தால் தண்ணீரைக் கொண்டே சோதிக்கலாம். ஒரு லீற்றர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோ. வெறும் கேனை நிறுத்து, பின்னர் அதில் 20 லீற்றரை அளந்து ஊற்றி மீண்டும் நிறுத்தால், இரண்டு எடைகளுக்கும் இடையே ஏறக்குறைய 20 கிலோ வித்தியாசம் வர வேண்டும். இச்சோதனையைக் கணக்கப்பிள்ளையையும் அருகில் வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னிலையிலும் செய்வதே நல்லது; தராசு சரியாக இருந்தால் அவருக்கும் அது பாதுகாப்பு.

சாக்குக்காகவும் ஈரத்துக்காகவும் கழிக்கப்படும் கிலோ எவ்வளவு என்பதைத் தனித்தனியே கேளுங்கள். நனைந்த வெறும் சாக்கை ஒருமுறை நிறுத்துப் பார்த்தால், சாக்குக்கான கழிவு நியாயமானதா என்பது தெரிந்துவிடும்.

ஒரே பெயரில் பலர் வேலை செய்யும் தோட்டத்தில் செக்ரோல் (தோட்டத்தின் வேலை, சம்பளப் பதிவேடு) இலக்கத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். சிக்னல் கிடைக்காத பள்ளத்தில் நிறுக்கப்பட்ட எடை, அதைப் பதியும் கருவியிலேயே தங்கி, பின்னர் அலுவலகக் கணினிக்குப் போகலாம் என்பதால், மறுநாள் அது சேர்ந்துவிட்டதா என விசாரியுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது உங்கள் சொந்தக் கொப்பி. திகதி, ஒவ்வொரு நிறுவையின் எடை, கழிவு ஆகியவற்றை அங்கேயே எழுதிவிடுங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு அன்று மாலையே எழுதுவிக்கலாம். சம்பளச் சீட்டில் கிலோ குறைந்திருந்தால், அந்தக் கொப்பியுடன் முதலில் தோட்ட அலுவலகத்துக்கும், தீர்வு கிடைக்காவிட்டால் தொழிற்சங்கத் தலைவரிடமும் தொழில் திணைக்கள அலுவலகத்துக்கும் செல்லுங்கள்.