அலைன்மெண்ட் செய்யுமுன் டயரைப் பாருங்கள்

கார் ஒரு பக்கமாக இழுக்கிறது என்றதும் நேரே டயர் கடைக்குச் சென்று அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்தல்) செய்துகொள்வது பினாங்கில் நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. ஆனால் டயரில் காற்று குறைந்திருந்தாலோ பால் ஜாயிண்ட் (சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டு) தேய்ந்திருந்தாலோ, கடையின் கணினித் திரையில் எண்கள் எத்தனை பச்சையாக, அதாவது எல்லைக்குள், இருந்தாலும் அந்த வேலை நிலைக்காது. முதலில் காற்று, அடுத்து டயர் தேய்ந்திருக்கும் விதம், பிறகு சக்கரத்தைத் தாங்கும் பாகங்கள், இவற்றுக்கெல்லாம் பிறகே அலைன்மெண்ட் என்ற வரிசையில் போனால் காசும் மிஞ்சும், டயரும் மிஞ்சும்.

உங்கள் காருக்குரிய காற்றழுத்தம், ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் தெரியும் சிறிய ஒட்டுத்தாளில் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் பொறித்திருக்கும் அழுத்த எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவே தவிர, காருக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவு அன்று. ஒட்டுத்தாளில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனி எண்கள் இருக்கலாம். பல கார்களில் ஆளும் சாமானும் நிறைந்த நிலைக்கென்று வேறொரு வரிசையும் இருக்கும். தீபாவளிக்கு ஐந்து பேரும் பலகாரப் பெட்டிகளுமாக ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ புறப்படும்போது அந்த வரிசையைத்தான் பின்பற்ற வேண்டும். பெட்ரோல் நிலைய இயந்திரங்கள் சில கிலோபாஸ்கலிலும் சில பி.எஸ்.ஐ.யிலும் காட்டுவதால், 220 கிலோபாஸ்கல் ஏறத்தாழ 32 பி.எஸ்.ஐ. என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவற்றைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்த எண்கள் எல்லாம் குளிர்ந்த டயருக்குரியவை. அதாவது கார் மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடாமல் இருக்க வேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து பாலத்தைக் கடந்து வந்த கையோடு அளந்தால் 20 முதல் 30 கிலோபாஸ்கல் வரை கூடுதலாகக் காட்டக்கூடும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் காற்றுக் குறைவோடு நிற்கும். மாதம் ஒருமுறையும் நெடும்பயணத்துக்கு முன்பும் பார்ப்பது போதுமானது. ஸ்பேர் டயரையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மெலிந்த தற்காலிக வகை என்றால் அதற்குப் பொதுவாக 420 கிலோபாஸ்கல் தேவைப்படும், அதை மாட்டிக்கொண்டு மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது.

டயர் தேய்ந்திருக்கும் விதம்

காரின் கோளாறுகளில் பாதியை டயரின் முகத்திலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பது என் கருத்து. நின்ற இடத்திலிருந்து பார்த்தால் வெளிவிளிம்பு மட்டுமே தெரியும். பெரும்பாலான தொல்லைகளோ உள்விளிம்பில்தான் தொடங்குகின்றன. வலப்பக்க முன்சக்கரத்தைப் பார்க்க ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுவதும் திருப்புங்கள். டயரின் முகம் வெளியே வந்துவிடும். இடப்பக்கத்துக்கும் அவ்வாறே. பின்சக்கரங்களுக்குக் கைபேசியைக் காருக்கு அடியில் நீட்டி ஒரு படம் எடுத்தாலே போதும்.

இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி புதிதாக இருந்தால் நெடுநாள் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகையாக இருந்திருக்கிறது. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் கண்ணை நம்பாமல் உள்ளங்கையை வையுங்கள். டயரின் குறுக்கே உள்ளிருந்து வெளியே ஒருமுறையும், வெளியிலிருந்து உள்ளே ஒருமுறையும் மெதுவாகத் தடவ வேண்டும். மீன் செதிலைத் தடவுவதுபோல ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் கீறுவதுபோலவும் இருந்தால், அது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் நோக்கும் கோணம்) பிசகியதன் அடையாளம். டயர் ஒவ்வொரு சுற்றிலும் சற்றே குறுக்காக இழுபட்டுக்கொண்டு ஓடுகிறது. இரு திசையிலும் ஒரே மாதிரி வழுவழுப்பாக, ஆனால் ஓரம் மட்டும் கரைந்திருந்தால் கேம்பரை (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாயும் கோணம்) சந்தேகிக்கலாம். சுற்றளவில் அங்கங்கே குழிந்து குழிந்து தேய்ந்திருந்தால், அது பெரும்பாலும் தளர்ந்த அப்சோர்பரின் (அதிர்வைத் தாங்கும் பாகம்) வேலை. அதற்கு அலைன்மெண்ட் மருந்தாகாது. பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு மலைவளைவுகளில் நாள்தோறும் ஏறி இறங்குபவர்களுக்கு முன்டயர்களின் வெளியோரங்கள் சற்று விரைவாகத் தேய்வது இயல்பு. அதற்காகக் கடைக்காரரைக் கோபிப்பதில் பொருளில்லை.

டயரின் பள்ளங்களுக்குள்ளே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும். டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் சட்டப்படியும் அது ஓடத் தகுதியற்றது. ஆனால் பின்மாலையில் கொட்டுகிற நம்மூர் மழையில் நீரை வெளியேற்ற ஆழமான பள்ளம் வேண்டும் என்பதால், 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவதை நான் விரும்புகிறேன். வயதையும் பார்க்க வேண்டும்: பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் இறுதியில் 2322 என்றிருந்தால் அது 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது.

அசையும் பாகங்கள்

முன்சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, ஜாக் ஸ்டாண்டு வைத்த பிறகு, சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லேசாகக் “கடக்” என்று தளர்வாக ஆடினால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை) தேய்ந்திருக்கலாம். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது தளர்வாக ஆடினால் பால் ஜாயிண்டோ பேரிங்கோ காரணமாக இருக்கும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையையோ தலையையோ நுழைக்கக் கூடாது. இப்பாகங்களை மாற்றிய பிறகு எப்படியும் அலைன்மெண்ட் செய்தாக வேண்டும் என்பதால், முன்கூட்டியே செய்வது இரட்டைச் செலவு.

ஸ்டியரிங் நடுங்குவதையும் கார் இழுப்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 90, 100 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் கை நடுங்கினால் தேவைப்படுவது பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்துவது). இழுப்பு இருந்தால், முதலில் முன்டயர்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் பாருங்கள். இழுக்கும் திசையும் மாறிவிட்டால் குற்றவாளி டயரே. திசை அம்புக்குறி உள்ள டயர்களில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது.

வீட்டில் டோ பார்ப்பது

அலைன்மெண்ட் என்பது மூன்று கோணங்கள். மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்களின் முன்முனைகள் நெருங்கியோ விலகியோ இருப்பது டோ. முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்வது கேம்பர். ஸ்டியரிங் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது காஸ்டர். அது டயரை அதிகம் தேய்க்காது, ஆனால் இரு பக்கமும் வேறுபட்டால் குறைந்த பக்கத்துக்குக் கார் இழுக்கும்.

இவற்றில் டோவை மட்டும் அளவு நாடாவைக் கொண்டு வீட்டிலேயே ஓரளவு அறியலாம். சமதளத்தில், ஸ்டியரிங் நேராக இருக்கும்படி காரைச் சில அடி முன்னோக்கி உருட்டி நிறுத்துங்கள். இரு முன்டயர்களின் முன்பக்கத்திலும், சக்கரத்தின் நடுமையத்தின் உயரத்தில், நடுப்பள்ளத்தில் சாக்பீசால் ஒரு கோடு போட்டு, கோட்டிலிருந்து கோட்டுக்கு அளந்துகொள்ளுங்கள். பிறகு அதே கோடுகள் பின்பக்கத்தில் அதே உயரத்துக்கு வரும்வரை காரை முன்னோக்கியே அரைச் சுற்று உருட்டி மீண்டும் அளக்க வேண்டும். அதே கோட்டையே இரு முறையும் அளப்பதால், ரிம் சற்றுக் கோணலாக இருந்தாலும் கணக்குப் பிசகாது. பின்னளவு கூடுதலாக இருந்தால் டோ-இன், குறைவாக இருந்தால் டோ-அவுட். 185/55 ஆர்15 அளவு டயரில் 1 மில்லிமீட்டர் வேறுபாடு ஏறத்தாழ 6 கலைக்குச் சமம். 60 கலை சேர்ந்தால் ஒரு பாகை. உங்கள் காரின் கையேடு சொல்லும் எல்லையைத் தாண்டியிருந்தால் கடைக்குப் போகலாம். எல்லைக்குள் இருந்தால் இழுப்பின் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

கடையில் கவனிக்க வேண்டியவை

நம் சாலைகளில் அதிகமாக ஓடும் மைவி போன்ற சிறிய கார்களில் பின்புறம் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை உத்திரம்) அமைப்பு இருப்பதால் பின்கோணங்களைத் திருகிச் சரிசெய்ய வழியில்லை. ஆயினும் பின்சக்கரங்களையும் அளக்கச் சொல்லுங்கள், ஏனெனில் அங்கே எல்லை மீறிய சிவப்பு எண் வந்தால் அது வளைந்த பீமைக் காட்டிக்கொடுக்கும். கேம்பர் சரிசெய்ய வேண்டியிருந்தால் அது முதலில், டோ கடைசியில். கேம்பரை மாற்றினால் டோவும் நகரும். கேம்பருக்காக நக்கிளை (சக்கரம் பொருத்தப்பட்டிருக்கும் உலோகப் பாகம்) சங்கிலி போட்டு இழுத்தோ துளையை அரத்தால் பெரிதாக்கியோ தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். அதற்கென்று சற்று மெலிந்த போல்ட்டுகளே கிடைக்கின்றன.

டோவைத் திருத்தும்போது ஸ்டியரிங் நேராகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். பணியாளர் டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, ரப்பர் உறையின் கிளிப்பையும் விடுவித்து, இரு பக்க ராடுகளையும் திரையைப் பார்த்தபடி திருப்புவார். ஒரே பக்கத்தை மட்டும் திருப்பினால் மொத்த டோ சரியாக வரலாம், ஸ்டியரிங் கோணலாகிவிடும். லாக் நட்டை இறுக்கும்போது எண் சற்று நகர்வது உண்டு, ஆகவே இறுக்கிய பிறகும் திரையைப் பார்க்கச் சொல்லி, முன்பும் பின்பும் உள்ள எண்களின் அச்சுப்பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

டயர் மாற்றும் நாளில் இரண்டே புதிய டயர்கள் வாங்கினால், முன்சக்கர இயக்கக் காரானாலும் புதியவை பின்னால் போகட்டும். ஈரச் சாலையில் பின்புறம் வழுக்கினால் சாதாரண ஓட்டுநரால் காரை மீட்பது கடினம். இடமாற்றம் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை: முன்டயர்கள் நேராகப் பின்னுக்கும், பின்டயர்கள் குறுக்காக முன்னுக்கும். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் மட்டும் இறுக்கி முடிக்காமல், டார்க் ஸ்பேனரால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) கையேட்டின் அளவுக்கு, எதிரெதிராக இறுக்கச் சொல்லுங்கள். சிறிய கார்களுக்கு அது 100 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும்.

கடையை விட்டு வந்ததும் சமமான நேர்ச்சாலையில் ஓட்டிப் பாருங்கள். மழைநீர் வடிவதற்காகச் சாலை இடப்புறம் சரிந்திருப்பதால் மெல்ல இடப்பக்கம் நகர்வது குறையாகாது. சரிவு இல்லாத தடத்தில் ஓட்டினால் வேறுபாடு தெரியும். ஸ்டியரிங் கோணலாக நின்றாலோ, கார் வழுக்காமல் காக்கும் நிலைப்புக் கட்டுப்பாட்டு அமைப்பின் விளக்கு எரிந்தாலோ அன்றே திரும்பிச் சென்று, ஸ்டியரிங் கோண சென்சாரைப் பூஜ்யத்துக்கு அமைத்துத் தரும்படி கேளுங்கள்.