முதலில் மீட்டர், பிறகு ரிங்கிட்: ஓய்வுக்காலப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ்போர்ட் காலாவதி, பெட்டிப் பூட்டு பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. இபிஎஃப் பணத்தில் ஒரு பங்கைப் பயணத்துக்கென்று ஒதுக்கிவைக்கும் அளவுக்கு நிதானமானவர்கள் அதில் தவற மாட்டார்கள். அவர்கள் சறுக்குகிற இடங்கள் வேறு. மலேசியாவில் கிள்ளானிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் ஒவ்வொரு பருவமும் புதிதாகக் கிளம்பும் குழுக்கள், முன்னால் போனவர்கள் சறுக்கிய அதே இடத்தில்தான் கால் வைக்கின்றன.

விலையைப் பார்த்து, உயரத்தைப் பார்க்காமல் விடுவது

நேபாளத்தின் முக்திநாத்தை எடுத்துக்கொள்வோம். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் இதுதான் என்பதால் ஓய்வு பெற்ற தம்பதிகளின் பட்டியலில் கட்டாயம் இருக்கும். துண்டுப் பிரசுரத்தில் விலை பெரிய எழுத்திலும் சைவச் சாப்பாடு அதற்கடுத்தும் இருக்கும். கோயில் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பது எங்கும் இருக்காது. எரிச்சல் அதில்தான்.

பினாங்குக் கொடிமலை 850 மீட்டரைக்கூடத் தொடாது. கெந்திங் சுமார் 1,800. நம்மில் பெரும்பாலோர் படுத்துத் தூங்கிய அதிகபட்ச உயரம் கெந்திங்காகவோ கேமரன் மலையாகவோதான் இருக்கும். "கேமரனில் ஒன்றும் செய்யவில்லையே" என்பது இங்கே எதற்கும் சான்றாகாது. 3,700 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது.

உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள் வேண்டும். மலிவான பயணத்திட்டம் கொடுக்காதது அந்த நாளைத்தான். பொக்காரா சுமார் 820 மீட்டர். காலையில் சிறிய விமானத்தில் ஏறினால் இருபது நிமிடத்தில் ஜோம்சோம், 2,700 மீட்டர். அங்கிருந்து ஜீப்பில் இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் கோயில் அடிவாரம். மதியத்துக்குள் கிட்டத்தட்ட 2,900 மீட்டர் ஏறியாகிவிடும். தரிசனம் முடிந்து எல்லோரும் சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொள்வார்கள். உயர நோய் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் காட்டும் என்பதால் அந்தப் படத்தை நம்ப வேண்டாம். இரவு எட்டு மணிக்கு விடுதியில் ஒருவர் தட்டைத் தள்ளி வைப்பார். "ஒண்ணுமில்ல ஆண்டி, தலை கொஞ்சம் கனமா இருக்கு, பனடோல் போட்டேன், படுத்தா சரியாயிடும்." பசியின்மை, தலைவலி, குமட்டல், அசதி என்று எல்லாமே பயணக் களைப்பு போலவே இருப்பதால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

கேட்க வேண்டும். தரையில் நேர்கோட்டில், குதிகாலோடு கால்விரல் ஒட்டும்படி பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், விடாமல் இருமினால், நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் உடனே கீழே இறக்குவதுதான். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் சிலிண்டர் இறங்கும் வரை தாக்குப்பிடிக்க மட்டுமே. கோவிட் காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரைக் கொண்டுபோகலாம். ஆனால் அந்த உயரத்தில் நல்ல உடம்புக்கே 90க்குக் கீழே காட்டும், விரல் சில்லிட்டிருந்தால் இன்னும் தப்பாகக் காட்டும். எண்ணைவிட ஆளைப் பாருங்கள்.

சரியான திட்டம் இப்படி இருக்கும். காட்மாண்டு (1,400) ஒரு இரவு, பொக்காரா ஒரு இரவு. அங்கிருந்து ஜீப்பில் கிளம்பி காசா (2,000) ஒரு இரவு, பிறகு ஜோம்சோம் இரண்டு இரவு. இரண்டாம் நாள் விடியற்காலையில் முக்திநாத் போய்விட்டு, அன்றே ஜோம்சோம் இறங்கித் தூங்குவது. பகலில் எவ்வளவு ஏறினாலும் இரவில் எங்கே தூங்குகிறோம் என்பதே கணக்கு. 3,000 மீட்டருக்கு மேல் தங்க வேண்டி வந்தால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும்.

உயர நோயைத் தடுக்கத் தரும் அசிட்டசோலமைடு மாத்திரையை வழக்கமாக 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முதல் நாளே தொடங்குவார்கள். சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று: கோயிலின் 108 தாரைகளில் விழுவது பனிமலைத் தண்ணீர். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தலையில் தெளித்துக்கொண்டால் போதும், பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதே கணக்கு கேதார்நாத்துக்கும் (சுமார் 3,580) லே நகருக்கும் (சுமார் 3,500) பொருந்தும். கைலாய மலையைச் சுற்றிவரும் பரிக்கிரமாவில் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கு மேல். அதை முதல் மலைப் பயணமாக வைக்காதீர்கள்.

இன்சூரன்ஸ் "இருக்கு" என்று விட்டுவிடுவது

விற்பவரிடம் நான்கு கேள்விகள், நான்குக்கும் எழுத்தில் பதில்: எத்தனை மீட்டர் வரை செல்லும்? ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோயால் வரும் செலவு சேருமா? ஹெலிகாப்டர் மீட்பு உண்டா? என் வயதுக்குத் தொகை குறைகிறதா? நோயை மறைத்து வாங்கிய பாலிசி, பணம் கேட்கும் நாளில் வெறும் காகிதம். ஹெலிகாப்டரை அழைக்கும் முன் பாலிசியில் உள்ள அவசர எண்ணுக்குப் பேசியாக வேண்டும். தேவையில்லாத மீட்புகளைக் காட்டிப் பணம் கறந்த மோசடி நேபாளத்தில் 2018இல் அரசு விசாரணை வரை போனது. அதன்பின் நிறுவனங்கள் முன் அனுமதி விஷயத்தில் கறாராக இருக்கின்றன.

தமிழ்நாட்டு யூடியூப்பைப் பார்த்து பட்ஜெட் போடுவது

அவர்கள் சொல்வது பொய்யில்லை, இந்தியக் குடிமக்களுக்கான கணக்கு. அவர்களுக்கு நேபாளத்தில் விசா கிடையாது. நமக்கு உண்டு. காட்மாண்டுவில் இறங்கியதும் வாங்கலாம், 15 நாளுக்கு 30 அமெரிக்க டாலர், 30 நாளுக்கு 50. அன்னபூர்ணா பகுதி அனுமதிச்சீட்டு இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், நமக்கு 3,000. உள்நாட்டு விமானக் கட்டணத்திலும் வெளிநாட்டவர் விலை தனி. முகம் ஒன்றாக இருக்கலாம், பாஸ்போர்ட் சிவப்பு.

மருந்தைப் பெட்டியில் போட்டு அனுப்புவது

பெட்டி தொலையலாம் என்பது ஒரு காரணம். விமானத்தின் சரக்குப் பகுதியில் இன்சுலின் உறைந்துவிடலாம் என்பது பெரிய காரணம், உறைந்தால் அது பயன்படாது. எல்லா மருந்தும் கைப்பையில், அசல் உறையோடு, மருந்தின் மூலப்பெயர் எழுதிய மருத்துவர் கடிதத்தோடு. அரசு சுகாதார மையமான கிளினிக் கெசிஹாத்தானில் மாதாமாதம் வாங்குபவர்கள், அடுத்த தேதி பயணத்துக்கு நடுவில் விழுந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கான மருந்து கூடுதலாக இருக்கட்டும்.

புதுச் சப்பாத்து

இரண்டு வாரம் தாமானைச் சுற்றி நடக்காத சப்பாத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

சனி, ஞாயிறில் உள்ளூர்ப் பயணம்

வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு வழியில்லை, உங்களுக்கு என்ன? கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் ரயில் சுமார் நான்கு மணி நேரம். நிலையத்திலிருந்து நடந்தே ஃபெரிக்குப் போகலாம். செவ்வாய்க்கிழமை போனால் ஜார்ஜ்டவுன் ஹோட்டல் விலையும் மூச்சுவிடும். பள்ளி விடுமுறையைத் தவிருங்கள். தைப்பூசத்துக்குத்தான் போகிறீர்கள் என்றால் அறையைப் பல மாதம் முன்பே பிடித்துவிடுங்கள்.

திரும்பும் நாளை இறுக்கிக் கட்டுவது

ஜோம்சோமில் முற்பகலுக்கு மேல் காற்று பலமாக வீசும், அதனால் விமானம் காலையில் மட்டும்தான். மேகம் மூடினால் அதுவும் இல்லை. மாற்று வழி பொக்காராவுக்கு ஜீப், கிட்டத்தட்ட ஒரு முழு நாள். கேஎல் திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் காட்மாண்டுவில் இரண்டு இரவாவது காலியாக விடுங்கள். மழைக்காலத்தில் அந்தச் சாலையில் மண் சரியும், ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பயணமே வேண்டாம்.