ஊழியத்திலிருந்து ஊருக்கு வரும்போது நாம் செய்யக்கூடாத தவறுகள்

மார்ச் கடைசியில், நாங்கள் ஊழியம் செய்யும் கென்யாவின் கிட்டாலேயில் மழை பிடித்துவிடும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் மக்காச்சோளம் விதைத்துக்கொண்டிருப்பார்கள். கடல்மட்டத்திலிருந்து 1,900 மீட்டர் உயரம் என்பதால் ராத்திரி ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது. அந்தக் குளிரில்தான் எனக்குத் திருநெல்வேலி வெயில் ஞாபகம் வரும். மேற்குக் கென்யாவில் மிஷனெரிகளாக இருக்கிற எங்களுக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊர்ப்பயணம். இந்தக் கோடையில் ஊருக்குப் புறப்படும் மிஷனெரிக் குடும்பங்களுக்காக, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பெரிய தவறு, வந்து இறங்குமுன்பே எல்லா ஞாயிற்றுக்கிழமைகளையும் கொடுத்துவிடுவது. "அக்கா, வர்றீங்களாமே, எங்க சபைக்கு ஒரு செய்தி குடுக்கணும்" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறவர்கள், மாதம் தவறாமல் காணிக்கை அனுப்பி நமக்காக ஜெபிக்கிறவர்கள். மறுக்க மனசு வராது. 2019-ல் ஆறு வாரம் வந்திருந்தோம். ஐந்து ஞாயிறு வெளியூர்ச் சபைகளில் போனது. சனிக்கிழமை மதியம் பையைத் தூக்கும்போதெல்லாம் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருப்பார். "அடுத்த வாரமாவது நம்ம கோயில்ல இருப்பியாம்மா?" என்று கேட்டார். அவர் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் பக்கத்து இடத்தைத் துண்டு போட்டு வைத்திருந்தாராம், அம்மா பிறகு சொன்னாள். 2020-ல் கொரோனாவால் விமானங்கள் நின்றிருந்த மாதங்களில் அப்பா இறந்துபோனார். அடக்க ஆராதனையை போனில்தான் பார்த்தேன்.

அதனால் இப்போது கணக்காக இருக்கிறோம். ஆறில் இரண்டு ஞாயிறு மட்டும் வெளிச் சபைகளுக்கு. மற்றவர்களை ஒரு சாயங்காலம் ஒரே இடத்தில் கூட்டிப் பேசிவிடுகிறோம். பவுலும் பர்னபாவும் முதல் பயணம் முடித்து அந்தியோகியாவுக்குத் திரும்பியபோது, சபையைக் கூட்டி நடந்ததையெல்லாம் சொன்னார்கள். அதன்பின் நெடுநாள் அங்கேயே சீஷரோடு தங்கியிருந்தார்கள். பேசியதைப் போலவே தங்கியதும் வேதத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

விடுமுறை எடுப்பதையே குற்றமாக நினைப்பதும் தவறுதான். நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகளான நமக்கு ஓய்வுநாள் பள்ளியிலேயே ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிச் சொல்லிவிடுவார்கள். 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், 1951-ல் டோனாவூரில் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு போகவில்லை. அது அவருக்குக் கொடுக்கப்பட்ட பாதை. அவர் காலத்திலேயே மற்ற மிஷனெரிகள் கப்பலேறி ஊருக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள். வயதான தாயும் வளரும் பிள்ளைகளும் உள்ள நாம் அவரை வைத்து நம்மை அளக்க வேண்டாம்.

பிள்ளைகள் விஷயத்தில் நாம் செய்யும் தவறு வெளியே தெரியாது. "ஊருக்குப் போறோம்" என்று நாம் துள்ளுகிறோம். கென்யாவில் பிறந்த பிள்ளைக்குக் கிட்டாலேதான் ஊர். போன தடவை என் மகள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "ஆச்சிக்கு முத்தம் குடு", "தமிழ்ல பேசு" என்று எல்லோரும் அவளை நெருக்கினார்கள், நானும்தான். நான்காம் நாள் அவள் உகாலி கேட்டு அழுதாள். அது என்ன பண்டம் என்று அம்மா விசாரித்தாள். வெந்நீரில் மக்காச்சோள மாவைக் கொட்டிக் கிண்டுவது என்றேன். "களிதானே, அதுக்கா பிள்ளை அழுவுது?" என்று மாவுக்கு ஆளனுப்பி, துடுப்பை எடுத்துவிட்டாள். மகள் ஒரு உருண்டை பிடித்து, கட்டைவிரலால் நடுவில் குழி பண்ணி, அதில் கீரையை அள்ளிச் சாப்பிட்டாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "நாங்களும் கேப்பக் களிய இப்படித்தான் குழி வச்சுத் திம்போம்" என்றாள். அன்று ராத்திரி பிள்ளை ஆச்சி பக்கத்தில்தான் படுத்தாள். பிள்ளைகளை முதல் வாரம் எவர் முன்னாலும் பாட்டுப் பாட நிறுத்தாதீர்கள். அவர்கள் பாட்டுக்கு விடுங்கள்.

சபையில் பேசும்போது இன்னொன்று. காணிக்கை பெருக வேண்டும் என்று, கிழிந்த சட்டைப் பிள்ளைகளின் படத்தையே திரையில் காட்டாதீர்கள். அந்தப் பிள்ளையின் தாய் அங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் அந்தப் படத்தைக் காட்டுவோமா? எங்கள் பக்கத்து வீட்டு அம்மா இரண்டு ஏக்கரில் மக்காச்சோளம் போட்டு நான்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். அவரிடம் கேட்டு, அவர் தேர்ந்து கொடுத்த படத்தைத்தான் கொண்டுவருகிறேன். சபையாரும் "எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தாங்க?" என்பதையே முதல் கேள்வியாக வைக்க வேண்டாம்.

பயணக் காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கென்யாவிலிருந்து வருகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள்; இல்லையென்றால் ஆறு நாள்வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். பெரியவர்கள் போட்டிருப்போம், அங்கே பிறந்த பிள்ளைக்கு மறந்துவிடுவோம். அந்த மஞ்சள் அட்டையைப் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வையுங்கள். அங்கே பிறந்த குழந்தையின் பிறப்பை ஒரு வருஷத்துக்குள் நைரோபி இந்தியத் தூதரகத்தில் பதிந்துவிடுங்கள். சென்னையிலிருந்து ரயிலுக்கு முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கும். கென்யப் பள்ளிகளுக்கு நம் ஊரைப்போல மே மாதம் லீவு கிடையாது, ஏப்ரலில்தான். அத்தை, மாமா பிள்ளைகளோடு சேர்ந்திருக்க வேண்டுமானால் அதைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.

ஊரில் காய்ச்சல் வந்தால் வைரல் என்று மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறோம் என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லி, அன்றே மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள். வந்து ஒரு மாதம் கழித்தும் அது தலைகாட்டும். அங்குள்ள ஃபால்சிபாரம் வகை உயிரையே எடுக்கும்.

இந்த ஏப்ரலில் நாங்கள் ஐந்து வாரம் வருகிறோம். முதல் ஞாயிறு எங்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன், கோயிலில் நாலு பேருக்கு இடம் போட்டு வைக்கச் சொல்லி.