சீசன் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

கொடைக்கானலில் விடுதி வேலையை விடப் போகிறேன் என்று வாய் திறந்தால், மேலாளர் சொல்லும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "சீசன் முடியட்டும்மா, பேசிக்கொள்ளலாம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். மே மாதக் கூட்டம் வடிந்தால் ஆயுத பூஜை விடுமுறை, பிறகு தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல். இந்த மலையில் சீசன் முடிவதில்லை, பெயர்தான் மாறுகிறது. வரவேற்பறையில் பல ஆண்டுகள் நின்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன், விலகும் தேதியை நீங்களே குறியுங்கள். என் கணக்கில் ஜூலை நல்ல மாதம். அறைகள் காலியாகக் கிடக்கும், பொறுப்பை ஒப்படைக்கவும் நேரம் இருக்கும்.

அதற்கு முன், களைப்பு வேலையால் வந்ததுதானா என்று பாருங்கள். இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இப்படித்தான் ஆளைச் சாய்க்கும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பணிச்சோர்வை நோயாக அல்லாமல் வேலையோடு வரும் நிலையாக 2019இல் வரையறுத்த உலக சுகாதார நிறுவனம், அதற்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: தீராத அயர்ச்சி, வேலைமீது கசப்பு, செய்வது எதுவும் உருப்படியாக இல்லை என்ற எண்ணம். எனக்குக் கசப்புதான் முதலில் வந்தது. 2024 மே 7 முதல் மலைக்கு வர இ-பாஸ் கட்டாயமானது. பாஸ் எடுக்காமல் கிளம்பி வந்தவர்கள் திட்டுவதும் வரவேற்பறையைத்தான். வாசலில் கார் நின்றாலே எரிச்சல் வந்தது.

சில நாள் விடுப்பு எடுத்து, கைபேசியை அணைத்துவிட்டு, ஊருக்குப் போய்த் தூங்கிப் பாருங்கள். திரும்பும் பஸ் பெருமாள்மலையைத் தாண்டும்போதே வயிறு இறுகினால், விடுப்பால் தீரும் சங்கதி அல்ல அது. வாழவே வேண்டாம் என்று தோன்றினாலோ, ராஜினாமா எல்லாம் பிறகு. உடனே 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

மலையில் வேலையை விடுவதில், சமவெளிக்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. விடுதி ஊழியர்களில் பலருக்கு வேலையோடு சேர்ந்தே குவார்ட்டர்ஸ் அறையும் மூன்று வேளைச் சாப்பாடும். வேலை போகும் அன்றே கட்டிலும் போய்விடும். ஆகவே கடிதத்துக்கு முன்னால் வீடு. நாயுடுபுரத்திலும் ஆனந்தகிரியிலும் வாடகை விசாரியுங்கள், கூடவே அடிவாரத்து வத்தலக்குண்டிலும் விசாரியுங்கள். தண்ணீர் எப்படி வருகிறது, லாரியில் வாங்க வேண்டுமா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் ஆசை வீட்டுக்காரருக்கு இருக்கிறதா என்பதையும் பேச்சுவாக்கில் அறிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஏப்ரலில் காலி செய்யச் சொல்வார். கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று பார்க்கும்போது மே மாத டிப்ஸைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இதுவரை அறையும் சாப்பாடும் சம்பளத்துக்கு வெளியே இருந்தன, இனி அவையும் உங்கள் செலவு.

அடுத்தது வரவேண்டிய பணம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் ஐந்து ஆண்டு முடித்திருந்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்தை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 18,000 ரூபாய், ஏழு ஆண்டு என்றால் ஏறத்தாழ 72,690 ரூபாய். விலகிய 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஐந்து ஆண்டுக்கு இரண்டு மாதம்தான் குறைகிறது என்றால், மீதியிருக்கும் விடுப்புகளை எடுத்தாவது ஒட்டிக்கொண்டிருங்கள், இந்த ஒரு காத்திருப்புக்கு மட்டும் அர்த்தம் உண்டு. வருங்கால வைப்பு நிதியை (பி.எஃப்.) அவசரப்பட்டு எடுக்காதீர்கள். ஐந்து ஆண்டுக்குள் எடுத்தால் வரி விழும், பத்து ஆண்டு சேர்ந்தால் ஓய்வூதியத் தகுதி வரும். நீங்கள் விலகிய தேதியை நிர்வாகம் பதிந்ததா என்று மட்டும் இணையத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதம் நான்கு வரி போதும். பதவி, விலகும் தேதி, அறிவிப்புக் காலம், நன்றி. மனக்குமுறலை அதில் கொட்டாதீர்கள், அதற்கு நண்பர்கள் இருக்கிறார்கள். மின்னஞ்சலிலும் அனுப்பினால் தேதிக்குச் சாட்சி இருக்கும். சாவியைக் கொடுக்கும் முன் சம்பளச் சீட்டுகள், அனுபவச் சான்றிதழ், விடுவிப்புக் கடிதம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

வெளியே வந்ததும் "சும்மாத்தானே இருக்கிறாய்" என்று உறவுக்காரர்களின் ஹோம்ஸ்டேயிலிருந்து அழைப்பு வரும். சில வாரங்களுக்கு இல்லை என்று சொல்லுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆயுத பூஜைக்கு ஆள் போதாமல் பழைய விடுதியே கூப்பிடும். என்னையும் கூப்பிட்டார்கள். நாள் கூலி இவ்வளவு, மாலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி மேலாளர் போனை வைத்துவிட்டார்.