கோபி பாலைவனத்தைக் கடக்கும் இரவு ரயில்

சீனாவிலிருந்து மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தருக்குப் போகும் ரயிலில் கீழ்ப் படுக்கையாகப் பார்த்து வாங்குங்கள். பெட்டியை அடியில் தள்ளலாம், பகலில் மலைகளை உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

உண்மையான சோதனை எல்லையில், எரென்ஹோட்டில். சீனத் தண்டவாளத்தின் அகலம் 1,435 மி.மீ., மங்கோலியாவில் 1,520. அதனால் ரயிலைப் பிரித்து, பெட்டிகளை ஆட்களோடு அப்படியே ஜாக்கியில் தூக்கி, அடியிலிருக்கும் சக்கரச் சட்டத்தை உருவிவிட்டு வேறொன்றைப் பொருத்துகிறார்கள். இதற்குச் சில மணி நேரம் ஆகும், அதுவரை கழிவறை பூட்டியே கிடக்கும். எல்லைக்கு ஒரு மணி நேரம் முன்பே தேநீரை நிறுத்தி, அரை மணி முன்பு போய்வந்துவிடுங்கள். பாஸ்போர்ட்டும் பேனாவும் தலைமாட்டில் இருக்கட்டும்.

ரயிலோடு வரும் சீன உணவகப் பெட்டி எல்லையோடு கழன்றுவிடும். இரவுக்கு ரொட்டி, நூடுல்ஸ் வைத்திருங்கள். வெந்நீர் பெட்டியின் கோடியில் உள்ள கொதிகலனில் கிடைக்கும். பிளாஸ்க்கை முக்கால் பங்கு மட்டும் நிரப்பி, மூடியைத் திருகிய பிறகே நடங்கள். ரயில் குலுங்கினால் கை வெந்துவிடும்.

விடிந்தால் கோபி. மூடிய ஜன்னல் இடுக்கு வழியாகவும் மாவு போன்ற மணல் உள்ளே வரும். கான்டாக்ட் லென்ஸை இரவே கழற்றிவிட்டுக் கண்ணாடி போடுங்கள். கேமராவை ஜிப் பையில் வையுங்கள், லென்ஸ் மாற்றவே வேண்டாம்.